சொல் வருவதற்கு முன்: வாசகர் கேள்வி-பதில்

பிறந்த குழந்தையின் மனத்துக்குள் நின்று நாவல் எழுதுவது பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் திரும்பத் திரும்பத் தலைகாட்டிய கேள்விகளுக்கு இங்கே பதில். குழந்தை வளர்ச்சி படித்தவர்களும் கதைகளைத் திருத்தித் தருபவர்களும் சேர்ந்து எழுதியது.

கேள்வி: பிறப்பிலிருந்து மூன்று வயது வரை ஒரு குழந்தைக்குள் உணர்வு விழிப்பதை நாவலாக எழுதுகிறேன். 4 அத்தியாயம் முடிந்தது. படித்த தோழி, “தொட்டிலில் கிடப்பது குழந்தை இல்லை, தத்துவப் பேராசிரியர்” என்கிறாள். இரண்டு வரி அனுப்புகிறேன்: “ஜன்னல் வழியே வந்த மாலை வெயில் என் கன்னத்தைச் சுட்டது. இந்த உலகம் என்னை ஏன் அழைத்தது என்று யோசித்தேன்.” எதை வெட்டுவது?

பதில்: தோழி சொல்வது சரி. ஆனால் உங்கள் கை உடனே இரண்டாவது வரிக்குப் போகும். அதை வெட்டிவிட்டுப் படித்துப் பாருங்கள், பேராசிரியர் நகர்ந்திருக்கவே மாட்டார். அவர் உட்கார்ந்திருப்பது முதல் வரியில்.

‘ஜன்னல்’ என்று சொல்ல, சுவர் வேறு, வெளி வேறு, நடுவில் ஒரு திறப்பு என்று தெரிந்திருக்க வேண்டும். ‘மாலை’ என்றால் காலை ஒன்று போய்விட்டது என்று தெரிய வேண்டும். ‘வழியே வந்த’ என்றால் வெளிச்சம் ஓரிடத்தில் புறப்பட்டு இன்னோரிடம் சேர்கிறது. ‘கன்னம்’ என்றால் தனக்கு ஒரு முகம் இருப்பது தெரியும். உலகம் ஏன் அழைத்தது என்ற கேள்வியைவிட இந்த எளிய வாக்கியத்தில்தான் படிப்பு அதிகம். தத்துவத்தை வாசகர் கண்டுபிடித்துவிடுவார். பெயர்ச்சொல்லும் வேற்றுமை உருபும் ஆள் மாறாட்டம் செய்வதுதான் கண்ணில் படாது.

இந்த வகை நாவலில் எல்லா வாக்கியத்திலும் இரண்டு பேர் இருக்கிறார்கள். உணர்கிற குழந்தை ஒருவர், பல வருடம் கழித்துச் சொல்லுகிறவர் இன்னொருவர். சொல் தெரியாத மனத்தைச் சொல்லால்தான் எழுதியாக வேண்டும், வேறு வழி இல்லை. ஆகவே பெரியவர் குறுக்கே வருவது குற்றம் அல்ல. வந்தவர் தன்னைக் குழந்தை என்று சொல்லிக்கொள்வதுதான் குற்றம்.

செய்து பார்க்க ஒரு வேலை. இரண்டு பக்கத்தை இரட்டை இடைவெளி விட்டு அச்செடுங்கள். மூன்று வண்ணப் பென்சில் எடுங்கள். அந்த மாதத்தில் அந்த உடம்பு உணரக்கூடியதற்குச் சிவப்பு. வீட்டிலுள்ள பெரியவர்கள் சொல்வதற்கும் அறிந்ததற்கும் நீலம். பின்னாளில் சொல்பவருக்கு மட்டும் தெரிந்ததற்குப் பச்சை. வாக்கியத்தை மொத்தமாகக் கோடிடக் கூடாது, சொல் சொல்லாக. இணைப்புச் சொற்களை விட்டுவிடாதீர்கள். ‘ஏனென்றால்’, ‘ஆனாலும்’, ‘அதனால்’ மூன்றும் பளிச்சென்ற பச்சை. ‘வந்ததும்’, ‘கேட்டதும்’ போன்றவை ஏறக்குறையச் சிவப்பு. ஒன்றைத் தொடர்ந்து இன்னொன்று வருவதைக் குழந்தை மிகச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும், காரணம் சொல்வது நெடுநாள் கழித்து. முடித்தபின் சிவப்பும் பச்சையும் ஒரே வாக்கியத்தில் மூட்டு தெரியாமல் கலந்திருக்கும் இடங்களை வட்டமிடுங்கள். திருத்த வேண்டியது அவற்றை மட்டும்தான். முழுப் பத்தியும் பச்சையாக இருந்தால் அப்படியே விடலாம்.

உங்கள் வரியை இப்படிப் பிரிக்கலாம்: “வெளிச்சம். அதன் ஒரு ஓரம் சூடு. சூடு பெரிதானது. அழுகை ஒன்று கிளம்பியது. அது யாருடையது என்பது இன்னும் முடிவாகவில்லை.” கடைசி வாக்கியம் பச்சை. ஒளிவுமறைவு இல்லாத பச்சை. அதனால்தான் உறுத்துவதில்லை.

கேள்வி: பச்சைக் குழந்தை உண்மையில் எதைப் பார்க்கிறது, எதைக் கேட்கிறது? எந்த மாதத்தில் எது வரும்? எழுதும்போது பக்கத்தில் வைத்துக்கொள்ளும்படி சொல்லுங்கள்.

பதில்: 1890-இல் வில்லியம் ஜேம்ஸ் தம் உளவியல் நூலில், சிசுவுக்கு உலகம் ஒரே இரைச்சலான குழப்பமாகத் தோன்றும் என்ற பொருளில் ஒரு வரி எழுதினார். அன்று முதல் எழுத்தாளர்கள் அந்த வரியை விடவில்லை. முதல் அத்தியாயம் என்றாலே வண்ணப் புயல், ஒலிச் சுழல். பின்னால் வந்த சோதனைகள் காட்டுவது வேறு. குழந்தை மங்கலாகப் பார்க்கிறது, குறைவாகப் பார்க்கிறது. ஆனால் பார்ப்பதில் தேர்வும் ஒழுங்கும் முதல் நாளிலிருந்தே உண்டு.

புலன்கள் வந்து சேரும் வரிசையை முதலில் மனத்தில் வையுங்கள். தொடுகை, மணம், சுவை, செவி எல்லாம் முன்னே, கண் கடைசி. நாம் கண்ணால் எழுதிப் பழகியவர்கள், அதனால் தலைகீழாகப் போட்டுவிடுகிறோம். முதல் இரண்டு மாத அத்தியாயத்தில் காட்சி வாக்கியங்கள் நான்கில் ஒன்றுக்கு மேல் இருந்தால் குறையுங்கள். இது ஆராய்ச்சி முடிவு அல்ல, எங்கள் கணக்கு.

கருவில் ஏறக்குறைய 25 வாரத்திலேயே ஒலிக்கு அசைவு தெரிகிறது. உள்ளே போய்ச் சேர்வது பெரும்பாலும் தாழ்ந்த ஒலிகள்தான். பேச்சின் ஏற்ற இறக்கம் போகும், மெய்யெழுத்துகளின் கூர்மை போகாது. டிகாஸ்பரும் ஃபைஃபரும் 1980-இல் வெளியிட்ட சோதனையில், பிறந்து மூன்று நாளுக்குள் இருந்த குழந்தைகள் வேறொரு பெண்ணின் குரலைவிடத் தாயின் குரலைக் கேட்பதற்காகத் தம் உறிஞ்சும் வேகத்தை மாற்றிக்கொண்டன. ஆகவே அம்மாவின் குரல் ‘புதிதாகக் கேட்டது’ என்று எழுதாதீர்கள். குரல் பழசு, அதன் தெளிவுதான் புதுசு. பிறப்புக் காட்சிக்கு இதைவிட நல்ல விவரம் கிடைப்பது கடினம். மணமும் அப்படித்தான். பிறந்து ஒரு வாரத்துக்குள் தாயின் மார்பு மணம் உள்ள துணிப் பக்கம் தலை திரும்புகிறது. இனிப்புக்கு முகம் தளர்வதும் கசப்புக்குச் சுளிப்பதும் முதல் நாளே உண்டு.

கண்ணுக்கு வருவோம். தெளிவாகத் தெரிவது 20 முதல் 30 செ.மீ. தூரம். மடியில் கிடக்கும் குழந்தைக்கும் ஏந்தியிருப்பவர் முகத்துக்கும் உள்ள இடைவெளி அவ்வளவுதான். அதற்கப்பால் எல்லாம் கரைந்த நிழல். முதல் மாதத்தில் பார்வை முகத்தின் விளிம்பில், தலைமுடியும் நெற்றியும் சேரும் கோட்டில் ஊர்கிறது. கண்ணைக் கண் சந்திப்பது இரண்டாம் மாதத்தை ஒட்டி. நிறங்கள் 3, 4 மாதத்தில் தெளிகின்றன. இரண்டு கண்ணும் சேர்ந்து ஆழம் காண்பது சுமார் 4 மாதத்தில்.

இனி, அனுப்பப்படும் கதைகளில் அடிக்கடி பார்க்கும் பிழைகள். முதல் வாரத்தில் கன்னத்தில் கண்ணீர் வழிகிறது: பிறந்த குழந்தை கத்தும், ஆனால் கண்ணுக்குத் தெரியும்படி நீர் வர சில வாரம் ஆகும். பத்தாம் நாள் அப்பாவைப் பார்த்துச் சிரிக்கிறது: முகத்துக்குப் பதிலாக வரும் சிரிப்பு 6 வாரத்தை ஒட்டித்தான், சத்தமான சிரிப்பு 3, 4 மாதத்தில். ஒரு மாதத்தில் தன் கையைத் தூக்கி வியந்து பார்க்கிறது: கையைக் கண்டுகொள்வது 2, 3 மாதத்தில். விரலை இறுகப் பற்றிக்கொண்டு பாசத்தைச் சொல்கிறது: அந்தப் பிடி பிறவி அனிச்சை, பாசம் அல்ல. வேண்டும் என்று கை நீட்டிப் பிடிப்பது 4, 5 மாதத்தில், இரண்டு விரலால் கிள்ளி எடுப்பது 9, 10 மாதத்தில்.

வேண்டுமென்றே விடுவது பிடிப்பதற்கு மிகப் பின்னால் வருகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்பது பத்து மாதத்தில் குழந்தை கரண்டியை இருபது தடவை கீழே போடுவது குறும்பு இல்லை. கை திறக்கும், பொருள் போகும், சத்தம் வரும், யாரோ குனிவார்: அதற்கு அது முதல் ஆராய்ச்சிக்கூடம். இப்படி ஒரு காட்சிக்கு மூன்று பக்கம் தாராளமாகக் கொடுக்கலாம்.

மேலே சொன்ன மாதங்கள் சராசரி. முன்பின் ஆகும், நடையில் அந்த வித்தியாசம் பெரிது: 9 மாதத்தில் நடப்பதும் உண்டு, 18 மாதத்தில் நடப்பதும் உண்டு.

கேள்வி: ‘நான்’ என்று எழுதுவதா, ‘அவன்’ என்று எழுதுவதா? ‘நான்’ போட்டால் பொய்யாக இருக்கிறது, ‘அவன்’ போட்டால் வெளியே நின்றுவிடுகிறேன்.

பதில்: தமிழில் எழுதுகிறீர்கள், உங்களுக்கு மூன்றாவது வழி ஒன்று உண்டு: ‘அது’. குழந்தை அழுதது, குழந்தை தூங்கியது. உயர்திணைப் பொருளாக இருந்தும் அஃறிணை முடிவு கொள்ளும் சொற்களின் பட்டியலைத் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கத்தில் பார்க்கலாம், மகவும் குழவியும் அதில் இருக்கின்றன. வீட்டில் யாரும் இதை மரியாதைக் குறைவாக நினைப்பதில்லை. ஆக, ஒரு உயிர் ‘அது’விலிருந்து கிளம்பி ‘நான்’ வரை வந்து சேரும் பயணம் நம் வினைமுற்றிலேயே கட்டிவைக்கப்பட்டிருக்கிறது. நாவலாசிரியருக்கு இது சும்மா கிடைத்த சொத்து.

ஆனால் ‘நான்’ என்ற சொல்லை எடுத்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். ‘பார்த்தேன்’ என்பதன் வாலில் ‘நான்’ ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆளே இல்லாத வாக்கியம் வேண்டுமானால் பசித்தது, வலித்தது, குளிர்ந்தது, பிடித்தது, கேட்டது ஆகிய வினைகளிடம் போங்கள். ‘எனக்குப் பசித்தது’ என்பதில் ‘எனக்கு’ போனாலும் வாக்கியம் விழாது. பசி இருக்கிறது, பசித்தவர் இன்னும் வரவில்லை. முதல் ஐந்தாறு மாதத்தை இந்த வினைகளால் மட்டும் எழுதிப் பாருங்கள். பத்துப் பக்கத்தில் கை பழகிவிடும். எச்சரிக்கை ஒன்று: ஆளை மறைக்கிறேன் என்று ‘தூக்கப்பட்டது’, ‘கிடத்தப்பட்டது’ பக்கம் போகாதீர்கள், அரசாணை வாடை வரும். ‘கைகள் வந்தன. படுக்கை கீழே போனது’ என்றால் போதும்.

அடுத்த படி பெயர். தன் பெயர் காதில் விழுந்தால் திரும்புவது ஐந்தாறு மாதத்தில் தொடங்கும். தன்னைத் தானே பெயரால், அல்லது ‘பாப்பா’ என்று சொல்லிக்கொள்வது இரண்டு வயதை ஒட்டி: “பாப்பாக்கு வேணும்.” ‘எனக்கு’, ‘நான்’ இரண்டு மூன்று வயதுக்குள் நிலைக்கும். நடுவே ஒரு தடுமாற்றம் சில குழந்தைகளிடம் வரும். “உனக்கு வேணுமா?” என்று கேட்டே பழகியதால், தனக்கு வேண்டும்போதும் “உனக்கு வேணும்” என்று சொல்லும். ‘நீ’யும் ‘நானும்’ பேசுகிறவரைப் பொறுத்து மாறும் என்பது பெரியவர்களுக்கு மறந்துபோன அதிசயம். இந்தத் தடுமாற்றத்தை நகைச்சுவைக்காக மட்டும் வீணாக்க வேண்டாம்.

இன்னொன்றையும் கடிதங்களில் யாரும் கேட்கவில்லை, நாங்களே சொல்லிவைக்கிறோம்: ‘நாம்’, ‘நாங்கள்’. கேட்பவரைச் சேர்ப்பதும் விலக்குவதும் நம் மொழியில் தனித்தனிச் சொல். “நாம கடைக்குப் போறோம்” என்று கேட்டுப் பழகிய காதில் ஒருநாள் “நாங்க போயிட்டு வர்றோம்” விழுகிறது. தான் வெளியே நிற்பது ஒரே சொல்லில் தெரிந்துவிடுகிறது. பிரிவைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவதற்குப் பதில் இந்த இரண்டு வாக்கியத்தையும் நாற்பது பக்க இடைவெளியில் வைத்துவிட்டு வாயை மூடிக்கொள்ளலாம்.

‘அது’விலிருந்து மாறும் இடத்தில் நடக்கும் பிழை ஒன்றுதான்: அறிவித்துவிட்டு மாறுவது. ‘அன்றுதான் நான் நானானேன்’ என்று எழுதினால் விழிப்பு நடக்கவில்லை, திறப்பு விழா நடக்கிறது. பத்தி நடுவே, வேறு எதையோ சொல்லும்போது, ஒரு வினை ‘பார்த்தேன்’ போல ‘ஏன்’ என்று முடியட்டும். மாறியபின் பழையபடி ‘அது’வுக்குத் திரும்பாதீர்கள். கடும் காய்ச்சல், ஆழ்ந்த தூக்கம் இரண்டுக்கு மட்டும் விலக்கு கொடுக்கலாம்.

கேள்வி: எனக்கு ஒரு வயதில் நடந்தவை நன்றாக நினைவிருக்கின்றன. தொட்டிலில் நான் கிடப்பதும் சுற்றி எல்லோரும் நிற்பதும் அப்படியே தெரிகிறது. அதை வைத்தே எழுதினால் என்ன?

பதில்: தாராளமாக எழுதுங்கள், நினைவு என்ற பெயரில் மட்டும் வேண்டாம். ‘தொட்டிலில் நான் கிடப்பது தெரிகிறது’ என்கிறீர்கள். தொட்டிலில் கிடந்தவர் கண்ணுக்குத் தொட்டிலில் கிடப்பவர் தெரிய மாட்டார். நினைவுக்குள் தன்னையே வெளியிலிருந்து பார்ப்பது, அந்த நினைவு பிறகு திருத்தி எழுதப்பட்டதன் அடையாளம் என்று ஃப்ராய்ட் 1899-இலேயே வாதிட்டார். ஒரு புகைப்படமோ, பல தடவை கேட்ட வீட்டுக் கதையோ உள்ளே போய்ப் படமாகியிருக்கலாம்.

பெரியவர்களிடம் கேட்டால் மிகப் பழைய நினைவு சராசரியாக மூன்று, மூன்றரை வயதைச் சேர்ந்ததாக இருக்கிறது. அதற்கு முன் நினைவே இல்லை என்று பொருள் கொள்ளக் கூடாது. உளவியலாளர் கரோலின் ரோவீ-காலியர் குழந்தையின் காலை ஒரு நாடாவால் தொங்கும் பொம்மையோடு கட்டினார். உதைத்தால் பொம்மை ஆடும். இரண்டு மாதக் குழந்தை அதை ஓரிரு நாள் நினைவில் வைத்தது, மூன்று மாதக் குழந்தை ஏறக்குறைய ஒரு வாரம், ஆறு மாதக் குழந்தை இரண்டு வாரம். நினைவு உண்டு, வாழ்நாள் நீளத்துக்கு நிற்பதில்லை. நிகழ்ச்சியின் கனமும் கணக்கில் வரும். அஷரும் நைஸரும் 1993-இல் கண்டபடி, தம்பி தங்கை பிறந்ததும் மருத்துவமனையில் இருந்ததும் இரண்டு வயதிலிருந்தே நினைவில் நிற்கக்கூடும். வீடு மாறியதும் வீட்டில் நேர்ந்த மரணமும் மூன்று வயதிலிருந்து. உங்கள் கதைக்குள் ‘முதல் நினைவு’ வைக்கும்போது இந்தக் கணக்கு உதவும்.

நாவலாசிரியருக்கு எல்லாவற்றையும்விட உதவக்கூடியது சிம்காக், ஹெய்ன் இருவரும் 2002-இல் வெளியிட்ட சோதனை. 27 முதல் 39 மாதக் குழந்தைகளுக்கு, பெரிய பொம்மையைச் சிறிதாக்கும் மாயப் பெட்டி ஒன்றைக் காட்டினார்கள். ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்துக் கேட்டபோது குழந்தைகள் படத்தை அடையாளம் காட்டின, செய்தும் காட்டின. வாயால் சொல்லும்போது மட்டும், அந்த நிகழ்ச்சி நடந்த அன்று தமக்குத் தெரிந்திருந்த சொற்களைத் தாண்டவில்லை. அதற்குள் புதிய சொற்களைக் கற்றிருந்தும் அவற்றைப் பழைய நினைவின்மேல் ஒரு குழந்தையும் போட்டுப் பேசவில்லை. முதல் கேள்வியில் சொன்ன ஜன்னலும் மாலையும் ஏன் உறுத்துகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அப்படியானால் நினைவில்லாத காலத்தை யார் சொல்வது? மறுபடி தமிழே கை கொடுக்கிறது. ‘பிறந்ததும் அழவே இல்லையாம்.’ ஒரே ஒரு ‘ஆம்’ போட்டதும், இது நான் கண்டதல்ல, சொல்லக் கேட்டது என்று ஆகிவிடுகிறது. வீட்டார் சொன்னதற்கு ‘ஆம்’, தானே கண்டதற்கு ‘ஏன்’ என்று வைத்துக்கொண்டால் நாவலின் முதுகெலும்பு தயார். இரண்டு பேருடைய ‘ஆம்’கள் மோதட்டும். பாட்டி கணக்கில் அன்று மழையாம், அத்தை கணக்கில் வெயில் கொளுத்தியதாம். குழந்தை தன் பிறந்த நாளையே கடன் வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பது விளக்காமலே தெரிந்துவிடும். அளவு மீற வேண்டாம், எல்லா வரியும் ‘ஆம்’ என்று முடிந்தால் ராஜா ராணிக் கதை ஆகிவிடும். பத்தியின் முதல் வரியிலும் கடைசி வரியிலும் போட்டால் நடுவில் உள்ளதெல்லாம் தானே அதன் கீழ் வந்துவிடும்.

கேள்வி: விழிப்பு ஒரே நாளில் நடப்பதாகக் காட்டலாமா? என் கதையில் குழந்தை கண்ணாடியில் தன்னைப் பார்த்ததும் எல்லாம் புரிந்துவிடுகிறது.

பதில்: உண்மையில் விழிப்பு பல வாசல்களில், பல மாதங்களில். கதைக்கு ஒரு நாள் வேண்டும் என்பதும் நியாயம்தான். எனவே ஒரு வாசலைத் தேர்ந்துகொள்ளுங்கள், எல்லாவற்றையும் திறக்காதீர்கள்.

இரண்டு முதல் நாலு மாதத்துக்குள் ஒன்று: கூப்பிட்டால் பதில் வரும் என்ற எதிர்பார்ப்பு. 1978-இல் எட்வர்ட் ட்ரானிக்கும் உடனிருந்தவர்களும் தாய்மாரைச் சில நிமிடம் முகத்தை அசைக்காமல் வைத்திருக்கச் சொன்னார்கள். குழந்தை சிரித்துப் பார்க்கிறது, குரல் கொடுக்கிறது, பிறகு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. எட்டு ஒன்பது மாதத்தில் இன்னொன்று: கண்ணில் படாதது எங்கோ இருக்கிறது. குழந்தை உளவியலாளர் பியாஜே காட்டியதுபோல், துணிக்கடியில் மறைத்த பொருளைத் தேடத் தொடங்கும் வயது அது. அதிலும் ஒரு விசித்திரம். முதல் இடத்தில் சில தடவை கண்டெடுத்த பிறகு, அதன் கண்முன்னாலேயே இரண்டாவது இடத்தில் ஒளித்தாலும் முதல் இடத்துக்கே கை போகும். வீட்டை விட்டுப் போன ஒருவரைக் குழந்தை எங்கே தேடும் என்று எழுதுகிறவருக்கு இந்தப் பிழையே ஒரு முழு அத்தியாயம். 9 முதல் 12 மாதத்தில் சுட்டு விரல் வருகிறது: நான் பார்ப்பதை நீயும் பார். எங்களைக் கேட்டால், விழிப்புக் காட்சிக்கு இதுதான் ஆகச் சிறந்த வாசல். ஏனோ யாரும் எடுப்பதில்லை.

எல்லோரும் போய் நிற்பது கண்ணாடி முன்னால். அதை எழுதுவதென்றால் சரியாக எழுதுங்கள். 1972-இல் பியூலா ஆம்ஸ்டர்டாம் குழந்தையின் மூக்கில் செஞ்சாந்துப் பொட்டு வைத்துக் கண்ணாடி முன் விட்டார். ஒரு வயதுக் குழந்தை எதிரில் இருப்பதை விளையாட்டுத் தோழனாக நினைத்துச் சிரிக்கும், கண்ணாடிக்குப் பின்னால் எட்டிப் பார்க்கும். தன் மூக்கைத் தொடுவது 18 முதல் 24 மாதத்தில். கதைகளில் விட்டுப்போவது இதுதான்: தன்னை அடையாளம் கண்ட வயதை ஒட்டி மகிழ்ச்சிக்குப் பதிலாகக் கூச்சம் வருகிறது. குழந்தை தலையைக் குனிந்துகொள்ளும், ஒதுங்கும். தான் பார்க்கிறவர் மட்டும் இல்லை, பார்க்கப்படுகிறவரும்கூட என்று தெரிந்த சங்கடம் அது. உங்கள் காட்சியில் ‘எல்லாம் புரிந்தது’ என்ற வரியை எடுத்துவிட்டு, குழந்தையைக் கண்ணாடிக்கு முதுகு காட்டி நிற்க வையுங்கள்.

காட்சி எடுபட, அதற்கு முன்பே அந்தப் பொருள் மூன்று தடவை சாதாரணமாக வந்திருக்க வேண்டும். கண்ணாடி என்றால் முதலில் வெறும் மினுக்கம், பிறகு குளிர்ந்த பரப்பு, பிறகு இன்னொரு குழந்தை. நான்காம் முறைதான் திருப்பம். முன்தயாரிப்பு இல்லாமல் வரும் விழிப்பு வாசகருக்கு ஆசிரியரின் அவசரமாகத்தான் தெரியும்.

மரணத்தை விழிப்பாக வைப்பவர்களுக்கு ஒரு சொல். மூன்று வயதுக்குள் ‘இனி வரமாட்டார்’ என்பது குழந்தைக்குப் பிடிபடாது. சாவு திரும்பாதது, எல்லோருக்கும் உரியது என்பதெல்லாம் ஐந்து முதல் ஏழு வயதை ஒட்டித்தான் உறுதிப்படும். ‘தாத்தா போய்விட்டார் என்று உணர்ந்தது’ என்று எழுத வேண்டாம். நாற்காலி அதே இடத்தில் இருக்கிறது, மணம் மட்டும் நாளுக்கு நாள் குறைகிறது. அதுதான் அந்த வயதின் துக்கம்.

கேள்வி: மழலையை எப்படி எழுதுவது? ‘ழ’, ‘ர’ எல்லாம் மாற்றி மாற்றி எழுதினால் படிக்க முடியவில்லை.

பதில்: ஒரு பக்கத்துக்கு இரண்டு மழலைச் சொல் போதும். உதடு சேரும் ஒலிகள் முன்னால் வரும், ‘ர’, ‘ழ’ பின்னால். அதனால் எந்தச் சொல்லை உடைத்தாலும் ‘ம’, ‘ப’, ‘த’ பக்கம் உடையுங்கள், கண்டபடி அல்ல. உச்சரிப்பைவிடப் பொருள் பிசகுவதுதான் சுவை. ஒரு ‘மம்மு’ சோற்றையும் குறிக்கும், தட்டையும் குறிக்கும், சாப்பிடும் நேரத்தையும் குறிக்கும். புரிதல் எப்போதும் பேச்சுக்கு முன்னே போகும். ஒரு வயதில் வாயில் ஓரிரு சொல் இருக்கும்போது காதில் பல பத்துச் சொற்கள் இருக்கும். ஒன்றரை வயதில் ஐம்பது சொல், அதன்பின் இரண்டிரண்டாகச் சேரும். ‘நேத்து’ என்றால் போன எல்லா நாளும். சொல் வருமுன்பே காது நிறைய அறிந்திருக்கும், பிறகு கொஞ்சம் இழக்கவும் செய்யும். ஆங்கிலம் கேட்டு வளரும் ஆறு மாதக் குழந்தைகள் இந்தியில் உள்ள ‘த’, ‘ட’ வேறுபாட்டைக் கேட்டறிந்தன. 10, 12 மாதத்தில் அந்தத் திறன் போய்விட்டிருந்தது. வெர்க்கரும் டீஸும் 1984-இல் வெளியிட்டது.

கேள்வி: நம் மரபில் இதற்கு முன்னோடி உண்டா?

பதில்: பிள்ளைத்தமிழைப் பாருங்கள். காப்பு (காக்கும்படி தெய்வங்களை வேண்டுவது) மூன்றாம் மாதம், செங்கீரை (கையூன்றித் தலையசைத்து ஆடுவது) ஐந்தாம் மாதம், தால் (தாலாட்டு) ஏழு, சப்பாணி (கை கொட்டுவது) ஒன்பது, முத்தம் பதினொன்று, வருகை பதின்மூன்று என்று பருவங்கள் ஒற்றை மாதங்களில் ஏறுவதாகச் சொல்லும் வரிசை, வளர்ச்சியைக் கூர்ந்து பார்த்தவர்கள் போட்டது. நாவலின் கால அட்டவணையாகவே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பாடுகிறவர் தாய் நிலையில் நிற்கிறார், குழந்தை வாயே திறக்காது. முன்னோடி என்பதைவிட அறைக்கு வெளியே கேட்கும் குரல் என்று சொல்லலாம், நீங்கள் எழுதப்போவது அறைக்கு உள்ளே.

கேள்வி: நாவலை எங்கே முடிப்பது? மூன்று வயதில் நிறுத்தினால் பாதியில் விட்ட மாதிரி இருக்கிறது.

பதில்: வயதை வைத்து நிறுத்தினால் அப்படித்தான் இருக்கும். சொல்லும் முறை மாறும் இடத்தில் நிறுத்துங்கள். இரண்டு இடங்கள் பொருந்தும். ஒன்று, நேற்று நடந்ததைக் குழந்தை தானே முதல், நடு, கடைசி வைத்து, அங்கே இல்லாத ஒருவரிடம் சொல்லும் நாள். அதுவரை ‘ஆம்’ என்று பிறர் சொல்லிவந்த கதை அன்று கைமாறுகிறது. மற்றொன்று, முதல் முழுப் பொய். எனக்குத் தெரிந்தது உனக்குத் தெரியாமல் இருக்கலாம் என்ற அறிவு அதற்கு வேண்டும். விம்மர், பெர்னர் இருவரும் 1983-இல் வெளியிட்ட சோதனைக்குப் பிறகு, அது சுமார் நான்கு வயதில் உறுதிப்படுவதாகக் கொள்கிறார்கள். இதைத் தேர்ந்தால் கதையை மூன்றைத் தாண்டி ஒரு வருடம் இழுக்க வேண்டும். பொய் சின்னதாக இருக்கட்டும், உடைந்த கோப்பை அளவுக்கு. கேட்பவர் அதை நம்பிவிட வேண்டும். பிடிபட்டுவிட்டால் காட்சி தண்டனைப் பக்கம் சாய்ந்துவிடும், குழந்தைக்கு மட்டும் தெரிந்த அந்த ஒன்று கைநழுவிவிடும்.